ரெண்டாவது கைநாட்டு

பத்திரத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் இருந்தது. நடுவில் குங்குமம். மலர்க்கொடி அதைப் பாலிதீன் பைக்குள் போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். வழியில் உட்கார இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பத்திரம் மடங்கிவிடுமோ என்று பயம். அவளுடைய அப்பா அம்மாவுக்கு ஒரு கூரை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த ஒரு தாளில்தான் இருந்தது.

மலர்க்கொடிக்கு நாற்பது தாண்டிவிட்டது. அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். திருவொற்றியூரில் ஒரு பால்வாடியில் ஆயா வேலை. பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டு, வாயும் கையும் கழுவிவிட்டு, பாய் விரித்துத் தூங்கவைப்பாள். காலையில் வேலைக்குப் போகிற வழியில் வடிவுடையம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போக நேரமில்லாத நாளில் அங்கிருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு போவாள். கணவன் தேசப்பன் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதிக்கிறவன். பெயர்தான் மீன்பாடி, ஏற்றுவதெல்லாம் கம்பியும் தகடும்.

அவளுடைய அப்பா கோதண்டம் கட்டுமரத்தில் கடலுக்குப் போய்வந்தவர். உடம்பு தளர்ந்த பிறகு காசிமேட்டில் ஐஸ் உடைத்தார். அம்மா சொக்கம்மாள் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்றவள். குப்பத்தில் அவர்களுக்கு இருந்த வீட்டின் முன்பாதியைக் கடல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு வந்தது. மீதியைச் சுனாமி ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு காலி நிலத்தில் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகையில்தான் வாசம். வெயில் காலத்தில் தகரம் காய்ந்து தலையை வேகவைக்கும். மழைக்காலத்தில் சாக்கடை வந்து பாயை நனைக்கும். அந்தக் கொட்டகையில் வைத்துத்தான் பெரியவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. பேச்சு குழறியது. மகள் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்றால், அது ஒரே அறை. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு நாள் கூடத் தங்கவிடவில்லை.

கடைசியில் எண்ணூர் போகிற வழியில் அரசாங்கம் கட்டின மாடிக் குடியிருப்பில் இவர்களுக்கும் ஒரு வீடு என்று தகவல் வந்தது. வீடு கோதண்டம், சொக்கம்மாள் இரண்டு பேர் பெயரிலும். ஆனால் பெயர் உள்ளவர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஓடுவதில்லை. ஒரு தடவை வந்தால் போதும் என்றும் இல்லை. இன்றைக்கு ஒரு கையெழுத்து, சாவிக்கு ஒரு கையெழுத்து, கரண்டு மீட்டருக்கு ஒன்று. படுத்த படுக்கையில் இருப்பவரையும் முட்டி பிடித்துப்போன கிழவியையும் எத்தனை தடவை தூக்கிக்கொண்டு ஏறுவது? அலுவலகத்தில் இருந்தவர் சொல்லிவிட்டார். வர முடியாதவர்கள், தங்களுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட மகனுக்கோ மகளுக்கோ பவர் எழுதிக் கொடுக்கலாம். நோட்டரி வக்கீலின் சீல் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வராவிட்டால் அந்த வீடு அடுத்து காத்திருப்பவர்களுக்குப் போய்விடும்.

அன்றிலிருந்து மலர்க்கொடிக்குச் சோறு இறங்கவில்லை.

ராயபுரத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் நோட்டரி வக்கீல் லியோனார்ட் இருந்தார். மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் வைத்துப் பத்திரம் அடித்துக் கொடுப்பவள் ஃப்ளோரன்ஸ். அவள்தான் முத்திரைத்தாள் வாங்கி, அப்பா அம்மா போட்டோ ஒட்டி, பவர் பத்திரத்தை அடித்துக் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள், பிறகு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், வக்கீல் முன்னால் கை வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாள். மலர்க்கொடியும் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் மனதில் பதிந்தது வேறு. கை வைப்பதுதான் பெரிய காரியம், சீல் என்பது ரேஷன் கடையில் குத்துகிற மாதிரி பிற்பாடு நடக்கிற சின்ன வேலை என்று எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு உகந்த நாள். பால்வாடியிலிருந்து மை டப்பாவை இரவல் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். சொக்கம்மாளுக்கு ஒரு பழக்கம். கல்யாணப் பத்திரிகையோ, படகு எஞ்சினின் ரசீதோ, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகமோ, எந்தப் புதுத் தாள் வந்தாலும் மஞ்சள் வைக்காமல் உபயோகிக்க விடமாட்டாள். இது வீட்டுக்கான தாள் ஆயிற்றே. மூலைக்கு மூலை மஞ்சளைக் குழைத்துத் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, அம்மன் படத்தின் காலடியில் வைத்தாள். நல்ல நேரம் பார்த்துக் கற்பூரம் ஏற்றினார்கள். கற்பூரம் எரிகிறபோதே கோதண்டத்தின் இடது கட்டைவிரலை மையில் தொட்டுப் பத்திரத்தில் அழுத்தினாள் மலர்க்கொடி. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். அடுத்து சொக்கம்மாளும் வைத்தாள். மலர்க்கொடிக்கு மனசு நிறைந்துபோயிற்று. பாதி வீடு கிடைத்த மாதிரியே இருந்தது.

புதன்கிழமை அந்தப் பத்திரத்தைத்தான் அணைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஃப்ளோரன்ஸ் பாலிதீன் பையைத் திறந்து பார்த்தாள். சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தாள், முடியவில்லை.

"இன்னா மலர்க்கா, பேப்பருக்குக் கல்யாணம் பண்ணிட்டியா?"

மலர்க்கொடியும் கூடவே சிரித்தாள். மாடிக்குப் போனதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. லியோனார்ட் பத்திரத்தைக் கையில் வாங்காமல் மேஜைமேல் வைத்தே பார்த்தார். பெரியவரின் ரேகை மேல் குங்குமம் ஏறி, எது மை எது குங்குமம் என்று தெரியவில்லை. அது கூடப் பரவாயில்லை, நான் பார்க்காமல் வைத்த கைநாட்டுக்கு நான் எப்படிச் சீல் போடுவேன் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. கோபப்படுகிறவர்களைக் கெஞ்சிக் கரைக்கலாம். இவரைக் கரைக்க முடியாது போலிருந்தது.

"சார், அம்மன் சத்தியமா எங்க நைனாவே வச்சதுதான் சார்."

"நீங்க சொல்றத நான் நம்பறேம்மா. ஆனா அவர் மனசார வச்சாரான்னு அவரே எங்கிட்ட சொல்லணும். பவர் குடுக்கறதுன்னா அவர் கைய வெட்டி உங்ககிட்ட குடுக்கற மாதிரி. கேக்காம நான் சீல் குத்தினா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்."

வேறு முத்திரைத்தாளில் புதிதாக அடிக்க வேண்டும். பெரியவர்களை நாளைக்கு மத்தியானம் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மாடி ஏற முடியாவிட்டால் அவரே கீழே இறங்கி வருவார். மூன்று மணிக்கு மேல் அவருக்கு வேறு வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை முழுவதும் கோர்ட்டு. ஆக, நாளைக்கு விட்டால் கிடையாது.

சாயங்காலம் கொட்டகைக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. மஞ்சள் வைத்தது தப்பா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பெரியவர் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கொட்டகைக் கன்னியம்மா தடுப்புக்கு மேலே தலையை நீட்டினாள். அவளுக்கு யார் வீட்டுப் பேச்சும் தன் வீட்டுப் பேச்சுதான்.

"பொண்ணுக்குப் பவரு குட்த்துட்டியா சொக்கு? போ. அப்பால உன் தலைக்கடியில கீற தலகாணி கூட உன்துல்ல."

"உன் வாயில கொள்ளிக்கட்டய வைக்க. போய் உன் ஒலய பாரு" என்றாள் சொக்கம்மாள்.

கன்னியம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பெரியவரின் கண் மகள் பக்கம் திரும்பி, மறுபடி கூரைக்குப் போனதை மலர்க்கொடி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. வீட்டுக்குப் போய் வெறும் தரையில் படுத்துக்கொண்டு, தாயே, எங்க நைனா மனசுல சந்தேகம் ஏதாவது இருந்தா அத நீ எடுத்துடு என்று வேண்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை தேசப்பன் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. வண்டியைக் கழுவி, இரும்புத் துரு போகத் தேய்த்து, சாக்கு விரித்து, அதன்மேல் பாய் விரித்து, மாமனாரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் படுக்கவைத்தான். தலைமாட்டில் சொக்கம்மாள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மலர்க்கொடி வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் மலை மலையாக உரசிக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரி போகும்போதும் அவள் அப்பாவின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள்.

"இன்னா மாமா, மாப்ள ஊர்கோலம் மாதிரி கீதா?" என்று தேசப்பன் திரும்பிப் பார்த்துக் கேட்டான். பெரியவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. அதைப் பார்த்து மலர்க்கொடிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

செருப்புக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். ஃப்ளோரன்ஸ் புதுப் பத்திரத்தைச் சுத்தமாக அடித்து வைத்திருந்தாள். லியோனார்ட் கறுப்புக் கோட்டோடு கீழே இறங்கி வந்தார். வாக்காளர் அட்டைகளை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு எல்லோரும் எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போய் நில்லுங்கள், பெரியவரிடம் நான் தனியாகக் கேட்க வேண்டும் என்றார். சொக்கம்மாளைக்கூட இருக்கவிடவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் பயந்துகொண்டு ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். அவளிடம் அப்புறம் தனியாகக் கேட்பாராம்.

டீக்கடை வாசலில் மலர்க்கொடி நின்றாள். தேசப்பன் வாங்கிக் கொடுத்த டீ கையில் ஆறியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வக்கீல் வண்டியருகே குனிந்து, பெரியவரின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசுவது தெரிந்தது. ஒரு லாரி வந்து மறைத்தது. லாரி போனதும் பார்த்தால் வக்கீல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். மறுபடி குனிந்தார். இன்னொரு லாரி. அது போய் முடிவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. லாரியின் வால் விலகியபோது அப்பாவின் தலை ஆடுவதைப் பார்த்தாள். மேலும் கீழும் அல்ல. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

வக்கீல் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"வேணாம்ங்கறாரும்மா. சம்மதமான்னு ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் இல்லன்னுதான் தலைய ஆட்டறாரு. என்னால முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க."

டீக்கடையில் நின்றவர்களும், செருப்புக் கடைக்கு வந்தவர்களும், எல்லாரும் மலர்க்கொடியையே பார்க்கிற மாதிரி இருந்தது. அப்பனை வண்டியில் போட்டு இழுத்துவந்து எழுதி வாங்கப் பார்த்த மகள். கன்னியம்மா சொன்னது இத்தனை சீக்கிரம் அப்பாவின் மனசில் வேலை செய்யும் என்று கன்னியம்மாவே நினைத்திருக்க மாட்டாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. வீடு போய்விடும். அடுத்த மழைக்கும் இவர் அந்தச் சாக்கடைத் தண்ணீரில்தான் கிடக்க வேண்டும். வீடு போவதைவிட, அப்பா தன்னை இப்படி நினைத்துவிட்டாரே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"யோவ், இன்னாய்யா பண்ணிட்ட? பெத்த பொண்ணு மானத்த ரோட்ல வச்சு வாங்கறியே" என்று சொக்கம்மாள் ஆரம்பித்தாள். மலர்க்கொடி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அப்பாவின் உயிருள்ள கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நைனா, நான் உன் வூட்ட எட்த்துக்கினு பூடுவேன்னு நெனைக்கிறியா?"

பெரியவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப இன்னாத்துக்கு வேணாம்ன?"

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. எச்சில் வழிந்தது. மறுபடி முயற்சி செய்தார். சொக்கம்மாள் குனிந்து காதை அவர் வாயருகே வைத்தாள். வாதம் வந்ததிலிருந்து அவர் பேச்சு அவளுக்கு மட்டும்தான் முழுதாகப் புரியும். கேட்கக் கேட்க அவள் முகத்தில் இருந்த கோபம் இறங்கியது.

"செவ்வாக்கெயம அம்மன் முன்னால வச்சாச்சாம். கற்பூரம் எரியச்சே வச்ச கையாம். அத்த இப்ப ரெண்டாந்தபா வைக்கச் சொன்னா, மொதல்ல வச்சது பொய்யின்னு ஆவாதான்னு கேக்கறாரு. ஆத்தா கிட்ட பொய் சொன்னவனா சாவணுமான்னு கேக்கறாரு."

தேசப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். வக்கீலுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "பெரியவரே, அந்த மொதப் பேப்பர் செல்லாதுங்க" என்றார்.

கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

"சார், உங்களுக்குப் புண்ணியமா போவும், அந்த வார்த்தய மட்டும் சொல்லாதீங்க" என்றாள் சொக்கம்மாள்.

லியோனார்ட் சரி என்று கையைக் காட்டினார். அவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷன்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் மாடியில் இருக்கிறேன், பேசிப் பாருங்கள், ஆனால் நீங்கள் கட்டாயப்படுத்தி ஆமாம் சொல்லவைத்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

அப்பா சொன்னது மலர்க்கொடிக்கும் நியாயமாகவே பட்டது. கற்பூரத்தின் முன்னால் வைத்த கையை, மை சரியாக விழவில்லை, மறுபடி வை என்று சொன்னால் அம்மனுக்கு என்ன மரியாதை? அவள் மனசுக்குள் வடிவுடையம்மனைக் கூப்பிட்டாள். சந்நிதியில் நிற்கிற அம்மன்தான் கண்ணுக்குள் வந்தாள். அப்புறம் வெள்ளிக்கிழமைகளிலும் திருவிழாவிலும் பல்லக்கில் வெளியே வருகிற அம்மனும் வந்தாள். அந்த அம்மனுக்கு இவள் வாசலில் தேங்காய் உடைத்திருக்கிறாள். இரண்டு பேரையும் அவள் ஒரே பெயர் சொல்லித்தான் கும்பிட்டிருக்கிறாள். அது வரைக்கும் அதை அவள் யோசித்ததே இல்லை.

"நைனா, கண்ணத் தொற. நான் சொல்றதக் கேளு. கோயில்ல உள்ள கீற ஆத்தா எங்கனா வெளிய வர்றாளா? வர்றதில்ல. தெருவுக்கு வர்றது வேற செல. அதுக்காவ உள்ள கீறவ பொய்யா? இல்ல, வெளிய வர்றவதான் பொய்யா?"

பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"நீ செவ்வாக்கெயம வச்சது உள்ள கீறது. அத்த யாரும் அழிக்கல, யாரும் செல்லாதுன்னு சொல்ல முடியாது. அத அவகிட்டயே குட்த்துடுவோம். இப்ப வைக்கறது தெருவுக்குப் போறது. ஆபீசு, மாடி, க்யூன்னு அலையறதுக்கு. சொன்ன வாக்கு ஒண்ணுதான் நைனா."

சொக்கம்மாள் குடையைச் சாய்த்து அவர் முகத்தில் வெயில் படாமல் பிடித்தாள். கோதண்டம் எதையோ சொன்னார்.

"கோயிலு எங்க கீதுன்னு கேக்கறாரு" என்றாள் சொக்கம்மாள்.

இரண்டு தெரு தள்ளி ரோட்டோரத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. தேசப்பன் வண்டியை ஓட்டம் ஓட்டமாகத் தள்ளினான். மலர்க்கொடி பின்னால் ஓடினாள். கோயில் நடை சாத்தியிருந்தது, ஆனால் உண்டியல் கம்பிக் கதவுக்கு வெளியேதான் இருந்தது. வண்டியை அதையொட்டி நிறுத்தினார்கள். கூடவே கொண்டுவந்திருந்த பாலிதீன் பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரத்தை எடுத்து மலர்க்கொடி மடித்தாள். இத்தனை நாள் மடங்கிவிடக் கூடாது என்று அணைத்துக்கொண்டு திரிந்த தாளை, உண்டியல் வாயில் நுழைகிற அளவுக்குத் திரும்பத் திரும்ப மடித்தாள். அப்பாவின் இடது கையில் கொடுத்து, கையைத் தூக்கிப் பிடித்தாள். அவர் தானே உள்ளே தள்ளினார். தாள் பாதியில் சிக்கிக்கொண்டது. விரலால் இன்னொரு தடவை தள்ளினார். விழுந்தது. சொக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது லியோனார்ட் கைப்பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். மலர்க்கொடிக்கு மூச்சு வாங்கியதில் பேச முடியவில்லை, கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பையைப் படியிலேயே வைத்துவிட்டு வண்டியருகே வந்தார். மறுபடி எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னார். இந்தத் தடவை மலர்க்கொடி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. டீக்கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தாயே தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். தேசப்பன்தான் தோளைத் தொட்டான்.

"மலரு. ஆட்டிட்டாரு. மேலயும் கீழயும்தான்."

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. சொக்கம்மாளிடமும் தனியாகக் கேட்டார். அவள் பதிலாக அவரிடம் ஒரு பிரசங்கமே செய்தாள். வக்கீல் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பேரும் கைநாட்டு வைத்தார்கள். தேசப்பனும் ஃப்ளோரன்ஸும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். லியோனார்ட் சிவப்பு மையில் சீல் குத்திவிட்டு, அந்தப் பழைய பத்திரம் எங்கே, கைநாட்டு வைத்த தாள் வெளியே கிடக்கக் கூடாது, கிழித்துவிட வேண்டும் என்றார்.

"உண்டியல்ல போட்டுட்டோம் சார்" என்றாள் மலர்க்கொடி.

பேனாவை மூடப் போனவர் அப்படியே நின்றார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "சரி, அங்க இருந்து யாரும் எடுத்துக்கினு வந்து வழக்குப் போட மாட்டாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகம் திறப்பதற்கு முன்பே மலர்க்கொடி வரிசையில் நின்றுவிட்டாள். சீல் கிடைத்துவிட்டது, ஆனால் அதை இவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமே. அவளுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாளின் தாளை, போட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் அழுதுகொண்டே போனாள். மலர்க்கொடி தன் பத்திரத்தில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். அப்பாவின் வாய் கோணலாக இருந்தது. வாக்காளர் அட்டையில் வாய் நேராக இருந்தது. அட்டையைப் பத்திரத்துக்கு அடியில் தள்ளிக்கொண்டாள்.

அலுவலர் பத்திரத்தைப் பிரித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மறுபடி முதல் பக்கம். சீல் இருந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். எழுந்து தாளோடு உள்ளே போய்விட்டார். நாற்காலி காலியாக இருந்தது. மேலே ஃபேன் சுற்றியது. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று முணுமுணுத்தார்கள். மலர்க்கொடி கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பி உள்ளே பார்த்தாள்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பெரியவர் இப்ப உயிரோட இருக்காருல்ல?"

"ஐயோ சார், காலையில கஞ்சி குடிச்சாரு சார்."

"கேக்கணும்மா. அவர் போயிட்டா இந்தப் பவரும் போயிடும். அதான்." சொல்லிவிட்டு அவர் பதிவேட்டைத் திருப்பி, விரலால் தடவிக்கொண்டே வந்து சத்தமாகப் படித்தார். "கோதண்டம், சொக்கம்மாள்."

மலர்க்கொடி அவர் விரல் நின்ற இடத்தையே பார்த்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான பதில் சொல்லணும்? கோதண்டம், சொக்கம்மாள்?"

"நான்தாங்க" என்றாள். அப்பாவின் பெயருக்கும் அம்மாவின் பெயருக்கும் தான் ஒருத்தியே பதில் சொன்னதில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது. அவர் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, சாவிக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, மூன்று மாடியும் இறங்கிய பிறகுதான் தனக்கு வீடு கிடைத்துவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. தனக்கு இல்லை, அவர்களுக்கு என்று உடனே மனசுக்குள் திருத்திக்கொண்டாள்.

ஆனால் அந்த ஆள் கேட்ட கேள்வி கூடவே வந்தது. பெரியவர் உயிரோட இருக்காருல்ல. பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. தண்டையார்பேட்டையில் இறங்கிக் கொட்டகைக்கு அரை ஓட்டமாகப் போனாள். உள்ளே அம்மா இல்லை, தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அப்பா வாயைத் திறந்தபடி அசையாமல் படுத்திருந்தார். மலர்க்கொடி மண்டியிட்டு அவர் மூக்கருகே புறங்கையை வைத்தாள். சூடான மூச்சு பட்டது. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பெரியவர் விழித்துக்கொண்டார். அவள் முகத்தையும் கையிலிருந்த சீட்டையும் பார்த்தார். வார்த்தையை வாய்க்குள் புரட்டிப் புரட்டி, கஷ்டப்பட்டு வெளியே கொண்டு வந்தார். அம்மாவின் உதவி இல்லாமலே இந்தத் தடவை அவளுக்குப் புரிந்தது.

"யாரு... பேர்ல?"

அந்தக் கேள்வி அவர் மனசில் கன்னியம்மா பேசிய அன்றைக்கே இருந்ததா, இல்லை இப்போது வந்ததா என்று அவள் கேட்கவில்லை. சீட்டை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவள் விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்துக் காட்டினாள்.

"கோ, தண், டம். உன் பேர்லதான் நைனா. அடுத்தது அம்மா பேரு. எம் பேரு இதுல எங்கயும் இல்ல, பாரு."

அவர் இடது கையை நீட்டிச் சீட்டை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.